லிஃப்டுக்குள் உருண்ட மாப்பிள்ளை

என் மாப்பிள்ளை ஓட ஆரம்பித்தால் காற்றுக்கே மூச்சு வாங்கும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். மூச்சு வாங்குவது மாப்பிள்ளைக்குத்தான். காற்று அது பாட்டுக்கு அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். துரத்துகிற நாய்கூட, இந்த ஓட்டத்துக்கு நாம் எதற்கு என்று பாதி வழியில் சலித்துத் திரும்பிவிடும். ஆனாலும் மனிதர் நிறுத்தமாட்டார்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்கள் படியேறக் கூடாது என்பதற்காகப் பகலெல்லாம் பாடுபட்டுவிட்டு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடிக்குப் படியேறி வீட்டுக்கு வருகிறவர். விடியற்காலையில் ஓடுகிற அந்த ஒரு மணி நேரம்தான், "சார், லிஃப்ட் நின்னுபோச்சு" என்று உலகத்தில் யாரும் அவரைக் கூப்பிடாத நேரம். அந்த நேரத்துக்காகவே மனிதர் உயிரோடு இருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

என் மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். வலியோடு வருகிற முகங்களைப் பார்த்துப் பார்த்து, யாருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்காமலே சொல்லுமளவுக்குத் தேறிவிட்டாள். புருஷன் படியேறுகிற சத்தமே அவளுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் மாதிரி. போன ஓட்டப் பந்தயம் முடிந்து அவர் வந்தபோது ஒரு கால் 'டக்' என்றது, மறு கால் 'சர்ர்' என்று இழுத்தது. கெண்டைக்கால் கருங்கல்லாக இறுகி, அந்த வாரம் முழுக்க நொண்டினார். குளியலறைக்குப் போவதே வெளியூர்ப் பயணம் மாதிரி ஆகிவிட்டது.

மகள் தீர்ப்புச் சொன்னாள். "இதோ பாருங்க, அடுத்த பந்தயத்துக்குப் போகாதீங்கன்னு சொல்லல. ஆனா இந்த மாதிரி இழுத்துக்கிட்டு வந்தீங்க, அந்த ஷூவை யாருக்காவது தூக்கிக் கொடுத்துடுவேன். அதுக்கப்புறம் வாக்கிங்தான். என்னோட."

"உன்னோடயா?"

அந்தக் குரலில் இருந்த பயத்தை அவள் மன்னிக்கவில்லை. "ஏன், என்னோட நடந்தா கால் தேஞ்சிடுமா?"

அன்றிலிருந்து வீட்டுக்குள் ஆயுதங்கள் வர ஆரம்பித்தன. முதலில் வந்தது ஃபோம் ரோலர். தலையணைக்கும் குழவிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். அதைத் தரையில் போட்டு, அதன்மேல் கெண்டைக்காலை வைத்து முன்னும் பின்னும் உருள வேண்டும். அடுத்து, முள்ளு முள்ளாக ஒரு ரப்பர் பந்து. அதற்கடுத்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு தொடையில் தேய்க்கிற உருட்டுக் குச்சி. கடைசியாக மசாஜ் கன். சுவரில் துளை போடுகிற இயந்திரத்துக்குத் தம்பி முறை வேண்டும் அது. ஒரு நாள் என் தோளில் வைத்துப் பார்த்தேன். என் பல்செட் என்னைக் கேட்காமல் தனியாகப் பேச ஆரம்பித்தது.

கருவிகளில் குற்றமில்லை. கோளாறு மாப்பிள்ளையின் தொழிலில் இருந்தது.

"அத்தை, ஒரு லிஃப்டை நாலஞ்சு கயிறு தாங்கும்" என்று எனக்கு விளக்கினார். "எல்லாம் ஒரே இறுக்கத்துல இருக்கணும். ஒண்ணு மட்டும் இறுகிச்சுன்னா பாரம் பூரா அது தலையில விழும். காலும் அந்தக் கணக்குதான்."

கட்டை விரலால் இடது கெண்டைக்காலை அழுத்திப் பார்ப்பார், இறுக்கமாக இருக்கும். உருட்டுவார். இளகியதும் வலது காலை அழுத்துவார். இடதோடு ஒப்பிட்டால் இப்போது வலது இறுக்கம். அதை உருட்டுவார். அது இளகியதும் மறுபடி இடது. பூனைகளுக்குக் குரங்கு பங்கு பிரித்த கதைதான். கொஞ்ச நேரம் உருட்டிவிட்டு எழுந்திருக்க வேண்டியதை, இரண்டு காலும் சமமாகிற வரை விடமாட்டேன் என்றால் கால் என்ன செய்யும்? அடித்துத் துவைத்த துணி மாதிரி இரண்டும் கன்றிப்போய்க் கிடந்தன.

கீழ்வீட்டில் ஒரு பியானோ வாத்தியார் இருக்கிறார். அவர் ஒரு நாள் மேலே ஏறி வந்தார். "ஏம்மா, மேல பீப்பாய் ஏதாச்சும் உருட்டுறீங்களா? உருட்டுங்க, வேண்டாங்கல. கொஞ்சம் தாளத்தோட உருட்டச் சொல்லுங்க."

போதாக்குறைக்கு முனகல் வேறு. பெண்டாட்டி காதில் விழுந்தால் ஷூ போய்விடும் என்று, மாப்பிள்ளை அத்தனையையும் ஸ்பானர் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

உயரமான ஓர் அலுவலகக் கட்டடத்தில் அன்று அவருக்குப் பராமரிப்பு வேலை. அதைச் சீக்கிரமே முடித்துவிட்டார். 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகையை மட்டும் வெளியே தொங்க விட்டுவிட்டு, லிஃப்டுக்குள் ஏறி, இரண்டு மாடிகளுக்கு நடுவே அதை நிறுத்திக்கொண்டார். யார் கண்ணிலும் படாத, யார் காதுக்கும் எட்டாத இடம் என்று நினைப்பு. காலை உருட்டி முடித்ததும் இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டது. அதற்குப் பந்தைச் சுவரோடு வைத்துச் சாய்ந்து அழுத்த வேண்டும். லிஃப்டில் மூன்று பக்கச் சுவரிலும் கைப்பிடிக் கம்பி. கம்பி இல்லாத பக்கம், பொத்தான்கள் இருக்கிற பக்கம் மட்டுமே. அங்கே சாய்ந்தார். இருக்கிற பொத்தான்களிலேயே கீழே இருப்பது, ஆபத்து நேரத்தில் வாட்ச்மேனோடு பேசுவதற்கான பொத்தான். பந்து போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

கீழே வாட்ச்மேன் மேசை. சுற்றிலும் லிஃப்டுக்காகக் காத்திருக்கிற கூட்டம். திடீரென்று மேசையிலிருந்த ஸ்பீக்கர் பேசியது.

"ஆ... அம்மா... விடு... விட்டுத் தொலையேன்... உன்னை இன்னிக்கு ஒரு வழி பண்ணாம விடமாட்டேன்..."

கூட்டம் ஸ்பீக்கரை நெருங்கி நின்றது. வாட்ச்மேன் எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டு கேட்டார். "உள்ள யாரு? எத்தனை பேரு இருக்கீங்க?"

சுவர் பேசியதும் மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் மெக்கானிக். நான் மட்டும்தான்."

"அப்ப யாரைப் போட்டு அடிக்கிறீங்க?"

"என் காலை."

வாட்ச்மேன் கூட்டத்தைக் கையால் ஒதுக்கிவிட்டு ஸ்பீக்கரிடம் குனிந்தார். மிகவும் பதமாகச் சொன்னார். "அண்ணே, எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம். கீழ வாங்க."

மூன்று தீயணைப்பு வண்டிகள் வந்தன என்று நான் வெளியில் சொல்லிவைத்திருக்கிறேன். வந்தது கட்டட மேலாளர் ஒருவர்தான். ஆனால் மூன்று வண்டித் தண்ணீரையும் வசவாக அவரே ஊற்றினார். ரோலர், பந்து, குச்சி, கன் எல்லாவற்றையும் வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். "திங்கக்கிழமை உங்க ஆபீஸ்ல இருந்து யாராவது பெரியவரைக் கூட்டிட்டு வந்து வாங்கிக்குங்க."

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை.

வீட்டுக்கு வந்தவர் நேராகச் சமையலறைக்கு வந்து, காதோடு காதாக எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். "அவகிட்ட சொல்லிடாதீங்க அத்தை. ஷூ போயிடும்."

"நான் யார்கிட்ட மாப்பிள்ளை சொல்லப் போறேன்?" என்றேன். சொன்ன வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன். பியானோ வாத்தியாரிடம் மட்டும்தான் சொன்னேன். அதுவும் படிக்கட்டில் நின்று, கொஞ்சம் உரக்க.

ஆயுதம் பறிபோனதில் நல்லதே நடந்தது. யாரும் தொந்தரவு செய்யாததால் கால்கள் ஓய்ந்து படுத்தன. கன்றிப்போன இடங்கள் மறைந்தன. ஞாயிறு காலை, கோயிலுக்கு நேர்ந்து விட்ட மாடு மாதிரி கவலையில்லாமல் கிளம்பிப் போனார். பந்தயத்தை முழுவதும் ஓடி முடித்தார். அவர் படியேறி வந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். டக், டக், டக். ஒரு இழுப்பு இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. மான்குட்டி தோற்றது. காதைத் தீட்டிக்கொண்டு கதவருகே நின்ற என் மகள் கதவை அகலத் திறந்து வழிவிட்டாள்.

இதுவரை எழுதியதை அவளுக்கே வாசித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அம்மா, அப்ப நீ தூங்கிட்டு இருந்தே."

"கண்ணை மூடிக்கிட்டிருந்தேன். காது திறந்துதான் இருந்துச்சு."

"குறட்டை விட்டே. அவரு ரெண்டாவது மாடிப் படியிலயே உக்காந்துட்டாரு. ஒரு காலுன்னு இல்ல, ரெண்டுமே வரல. நான்தான் இறங்கிப் போய்க் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தேன்."

"அப்போ ஷூ?"

"அவரால குனிய முடியல. நான்தான் கழட்டி விட்டேன்."

"கழட்டி யாருக்குடி கொடுத்தே?"

அவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள். "வேர்வையில ஒரே ஈரம். காயட்டும்னு பால்கனியில வெச்சேன். காலையில எழுந்ததும் தேடுவாரில்ல."