மகளுக்கு மட்டும் மாற்றிச் சொன்னவள்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கடலோரப் பள்ளியொன்றில், பிள்ளைகள் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று வழிகாட்டும் ஆலோசகர் நொரீன் பெல்கி. பெற்றோருக்கு அவள் வாக்கு வேதவாக்கு. வருஷா வருஷம் அவள் சொல்வதும் ஒன்றுதான்.

"காலேஜ் அப்ளிகேஷன நவம்பர்லயே போட்டுடுங்க. எடம் குடுத்தா கண்டிப்பா சேருவோம்னு கையெழுத்துப் போட்டுக் கேக்குற பிள்ளைங்களுக்குத்தான் மொதல்ல குடுப்பாங்க. பாதி எடம் அப்பவே போயிடும். ஆனா ஒரு காலேஜுக்குத்தான் அப்படிக் கேக்க முடியும். புள்ள மனசு எதுல இருக்கோ, அதுக்குப் போடுங்க."

எல்லாம் ஊருக்கு உபதேசம். மகள் ஒடெட்டின் மனசு, கடல் உயிரியல் சொல்லித்தரும் ஒரு சின்னக் கல்லூரியில் இருந்தது. நொரீனுக்கோ, அந்தக் காலத்தில் தன்னைச் சேர்த்துக்கொள்ளாத பாஸ்டன் கல்லூரியின் மேல் கண்.

"உன் மார்க்குக்குச் சின்ன காலேஜ்ல எப்பக் கேட்டாலும் குடுப்பாங்க. நவம்பர்ல பெரிசக் கேளுடி."

"மத்தவங்களுக்கு வேற மாதிரி சொல்றியே."

"அவங்களும் நீயும் ஒண்ணா?"

பெற்ற பெருமை கண்ணை மறைத்தது. டிசம்பரில் பாஸ்டன் கைவிரித்தது. மற்றவர்களோடு சேர்ந்து பிறகு கேட்டபோது, சின்னக் கல்லூரி ஒடெட்டைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டது. அந்த வருஷம் பட்டியலிலிருந்து ஒருவரையும் அழைக்கவில்லை. ஒடெட்டைவிட மார்க் குறைந்த பிரின் என்ற பெண்ணுக்கு அங்கே டிசம்பரிலேயே இடம் கிடைத்திருந்தது. அவளை நவம்பரிலேயே அங்கே போடச் சொன்னவள் நொரீனேதான்.

மே மாதம் முதல் நாள், பிள்ளைகள் தாங்கள் சேரப்போகும் கல்லூரியின் பெயர் போட்ட சட்டையில் பள்ளிக்கு வருவது வழக்கம். படம் எடுப்பது நொரீனின் வேலை. மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேரவிருந்த ஒடெட், பெயரே இல்லாத சாம்பல் சட்டையில் ஓரமாக நின்றாள். சின்னக் கல்லூரியின் நீலச் சட்டையில் வந்த பிரின், நொரீனைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தைரியமே வந்திருக்காது, மிஸஸ் பெல்கி."

வீடு திரும்பும்போது நொரீன் காரை ஓட்டினாள். பாதி வழியில் நொரீனுக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னத் திட்டிடுடி. வாய மூடிக்கிட்டு இருக்காத."

ஒடெட் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபமே இல்லை.

"நானும் மத்த பிள்ளைங்க மாதிரி உன் ஆபீஸ்ல வந்து கேட்டிருக்கணும்மா. வீட்ல கேட்டதுதான் தப்பு."