என் மனுவுக்கு நானே எழுதிய பதில்

என்னோடு வேலை பார்த்தவர்கள் திருநின்றவூரில் மனை வாங்கியபோது எனக்கு அது விலை அதிகமாகப் பட்டது. நான் இன்னும் வடக்கே போய், கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஓர் ஊரில் வாங்கினேன். அவர்கள் இன்று அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கிறார்கள். நான் நெல்வயலுக்கும், சிப்காட் கம்பெனி பஸ் வந்து நிற்கும் புளியமரத்துக்கும் நடுவே இருக்கிறேன். யார் ஏமாந்தார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஓய்வு பெற்றதும் அங்கே வீடு கட்டி, நானும் மனைவியும் குடிவந்தோம். சென்னையில் பதினான்கு வருடம் இருந்த மாடியில் எதிர்வீட்டுக்காரரை அவருடைய செருப்பை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரியும். இங்கே மூன்றாம் நாளே என் மலச்சிக்கல் தெருவுக்குத் தெரிந்திருந்தது. மருந்துக்கடைக்காரரைத் தவிர வேறு யாரையும் நான் சந்தேகிக்கவில்லை. நான்காம் நாள், வயல்காரர் ஒருவர் வாசலில் ஒரு கட்டு முளைக்கீரையை வைத்துவிட்டு, "ரெண்டு நாளு துண்ணு பாருங்க சார், சரியாப் பூடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சரியாகத்தான் போனது. இருந்தாலும் கேட்காமல் கொடுக்கப்பட்ட மருந்துக்கு எந்தப் பதிவேட்டில் நன்றி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் சரியாகப் போகவில்லை. எங்கள் வீட்டுக் குழாயில் ஊராட்சித் தண்ணீர் வரவில்லை. போர் போட்டிருந்தோம், ஆனால் அந்தத் தண்ணீரில் சமைத்தால் தனியாக உப்பு போட வேண்டியதில்லை. எங்களுக்கும், எங்களுக்கு அப்பால் இருந்த மூன்று வீடுகளுக்கும் நான்கு மாதமாக இதே கதை. என் மனைவி தினமும் காலையில் பிளாஸ்டிக் குடத்தோடு தண்ணீர்த் தொட்டியடிக் குழாய்க்குப் போய்வந்தாள். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். இரண்டாம் மாதம் குடம் நிரம்பிய பிறகும் அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள்.

தொட்டியைத் திறந்து மூடுகிற ஆபரேட்டர், ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். தோளில் எப்போதும் ஆளுயர வால்வுச் சாவி இருக்கும். அவரை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் முப்பத்தாறு வருடம் ஓர் இயக்குநரகத்தில் கோப்பு எழுதியவன். வாயால் கேட்பது கேட்டதாகாது என்பது என் கட்சி. மனு எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி. "மேற்படி பணியாளரின் தொடர் அலட்சியம்" என்று ஒரு சொற்றொடரைப் போட்டு, அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டேன். நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை திருவள்ளூரில் மக்கள் குறைதீர் கூட்டம். பெரியபாளையத்தில் பஸ் மாற வேண்டும். ஆடி மாதம் என்பதால் மொட்டைத் தலைகளுக்கும் வேப்பிலைக்கும் நடுவே ஒன்றேகால் மணி நேரம் நின்று, பிறகு உட்கார இடமில்லாமல் போய், வரிசையில் நின்று, பதிவு எண் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அந்தச் சீட்டை மனைவியிடம் காட்டினேன். "இதுல தண்ணி வருமா?" என்றாள்.

மனு போகும் பாதை எனக்குத் தெரியும். மேலே போவது மேலேயே தங்காது. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு வரி கூடி, ஒரு படி இறங்கி, கடைசியில் பதில் சொல்லத் தெரிந்த ஆளிடம் வந்து நிற்கும். அந்த ஆள் பெரும்பாலும் யார்மீது புகாரோ அவராகவே இருப்பார். இதே பாதையில் ஆயிரக்கணக்கான தாள்களை நானே இறக்கி அனுப்பியிருக்கிறேன். ஆனால் அந்தத் தாள் கடைசியில் என் வாசலுக்கே வரும் என்று நினைக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, ஆபரேட்டர் சாவியை மதில்மேல் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"இன்னா சார், எம்மேல கேசு போட்டுக்கினீங்களாமே?"

"கேஸ் இல்ல. மனு."

"அது இன்னாவோ. மேலேர்ந்து தாள் வந்துகீது. வெள்ளிக்கெழம ஆபீசரு நேர்ல வராராம். அதுக்குள்ள நான் பதில் எழுதிக் குடுக்கணுமாம். சரியா இல்லன்னா வூட்டுக்கு அனுப்பிட்டு வேற ஆளப் போட்டுடுவாங்கோன்னு கிளார்க்கு சொல்றாரு. ஆளும் ரெடியா கீறான் சார். பதினெட்டு வருசமா இந்த வேல பாத்துக்கினு கீறேன்."

"சரி, அதுக்கு எங்கிட்ட ஏன் வந்தீங்க?"

"இந்தத் தெருவுல பதில் எழுதத் தெரிஞ்சவரு நீங்க ஒர்த்தர்தானே சார்."

அவர் கேலி செய்யவில்லை. அப்படிச் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உள்ளேயிருந்து என் மனைவி, "உக்காருங்கண்ணா, காபி போடறேன்" என்றாள். அந்தக் காபிக்கான தண்ணீர் அன்று காலை அவர் திறந்துவிட்டது.

தாளை வாங்கிப் பார்த்தேன். என் சொற்றொடர் அப்படியே எல்லாப் படிகளையும் கடந்து சேதமில்லாமல் வந்திருந்தது. அதற்குக் கீழே, அலட்சியம் உறுதியானால் பணியிலிருந்து விடுவிக்கவும் என்று யாரோ சேர்த்திருந்தார்கள். பேனாவை எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரி மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"எங்க தெருவுக்குத் தண்ணி ஏன் வரல?"

"வால்வு மூடிக்கீது சார். நீங்க குடிவரதுக்கு முன்ன, லீக்கு பாக்கறதுக்கு நான்தான் மூடினேன். மறுநாள் வந்து பாத்தா தொறக்க முடியல."

"ஏன்?"

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"வால்வு உங்க கார் ராம்ப்புக்குக் கீழ கீது சார்."

வீடு கட்டும்போது நாங்கள் சென்னையில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவோம். மீந்த கான்கிரீட்டை வீணாக்க மனமில்லாத மேஸ்திரி, ஒரு வாரநாளில் கேட்டுக்கு வெளியே கார் ஏறுவதற்குச் சரிவு போட்டுவிட்டார். சாலையில் சரிவு போட ஊராட்சியின் அனுமதி வேண்டும் என்ற விதி எனக்கு மனப்பாடம். ஆனால் அடுத்தவர்களைப் பிடிக்கத்தான் விதிகள் என்ற பழக்கம் என்னை விடவில்லை.

"நாலு மாசமா ஏன் ஒருத்தரும் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க சட்டம் தெரிஞ்சவரு. பர்மிசன் வாங்கிக்கினுதான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சோம். கடைசி வூட்டு நைனா கூட, 'அவுரு மேலிடத்துலயே கையெழுத்து வாங்கியிருப்பாரு, நாம போயி இன்னா கேக்கறது'ன்னுட்டாரு."

நான்கு வீட்டுக்காரர்கள் நான்கு மாதம் குடம் சுமந்தது, நான் வாங்காத ஓர் அனுமதியின்மேல் இருந்த மரியாதையால். என் பணிக்காலத்தில் எந்த அரசாணைக்கும் இவ்வளவு கீழ்ப்படிதல் கிடைத்ததில்லை.

மனைவி பக்கம் திரும்பினேன். "உனக்குத் தெரியுமா?"

"தொட்டியடியில எல்லாருக்கும் தெரியும். நானும் சொன்னேன், ராம்ப்புக்கிட்ட என்னமோ இருக்காம்னு. 'எல்லாம் முறைப்படி வரட்டும்'னீங்க. வந்துடுச்சு, பாருங்க."

ஆபரேட்டர் என்மேல் இரக்கப்பட்டார். "உங்க பேரு வேணாம் சார். புதுசா வந்தவரு, அசிங்கமாப் பூடும். மண்ணு மூடிக்கிச்சுன்னு எழுதிடுங்க."

அதில்தான் சிக்கல். வால்வை மண் மூடினால், மண்ணை எடுக்க வேண்டியவர் ஆபரேட்டர். எடுக்கவில்லை என்றால் அது அலட்சியம். சனிக்கிழமை அந்தச் சாவி வேறு தோளில் இருக்கும். இதை அவருக்கு விளக்கினேன். "அப்பிடியா?" என்று கேட்டுவிட்டு, காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

உடனே பேனாவை எடுத்தேன் என்று எழுதினால் நல்லவனாகத் தெரிவேன். காலையில் எழுதித் தருவதாகச் சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். மிச்சப் பொழுதெல்லாம், அவர் வேலையும் போகாமல் என் பெயரும் வராமல் ஒரு பதில் எழுத முடியுமா என்று தாள்தாளாக முயன்றேன். என் தொழிலே அதுதான். யார் செய்தது என்று தெரியாதபடி ஒரு காரியத்தைச் சொல்வதில் என்னை மிஞ்ச எங்கள் அலுவலகத்தில் ஆள் கிடையாது. ஆனால் நேரில் வருகிற அதிகாரி கான்கிரீட்டைப் பார்ப்பார். என் கேட்டையும் பார்ப்பார்.

கிழித்துப் போட்ட தாள்களைப் பெருக்கியெடுத்த மனைவி சொன்னாள்: "முப்பத்தாறு வருஷமா அடுத்தவங்க தப்பைத்தானே எழுதினீங்க. அதான் கை வரமாட்டேங்குது."

வியாழக்கிழமை காலை எழுதி முடித்தேன். "பார்வையில் காணும் மனுவின் மனுதாரர், ஊராட்சியின் அனுமதியின்றித் தமது வீட்டின் முன் அமைத்த சாய்தளம், மேற்படி வால்வை மூடியுள்ளது. பணியாளரின் தரப்பில் அலட்சியம் ஏதும் இல்லை." ஆபரேட்டர் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நாஷ்டாவுக்கு முன்னால் பாதியும் பின்னால் பாதியுமாக அதைத் தன் கையெழுத்தில் பார்த்து எழுதினார். "நம்ம பேச்சாட்டமே இல்லியே சார்" என்றார். இல்லாமல் இருப்பதுதான் நல்லது என்றேன்.

அன்று மதியமே சரிவை உடைத்தோம். கடப்பாறையோடு வந்தவர்கள் இருவர், யோசனையோடு வந்தவர்கள் பதினைந்து பேர். உடைத்து முடித்த பிறகுதான் கார் உள்ளே நிற்பதை ஒருவர் சுட்டிக்காட்டினார். கேட்டுக்கும் தெருவுக்கும் நடுவே முழங்கால் உயரப் பள்ளம். கார் எங்கும் போகாது, திருடுகூடப் போகாது என்று கீரை கொடுத்த வயல்காரர் ஆறுதல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓர் இளம் அதிகாரி வந்து சேர்ந்தார். ஆபரேட்டர் இரண்டு கையாலும் தாளை நீட்டினார். அதிகாரி படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தான் சார். எங்கையெழுத்துதான்."

"கையெழுத்து சரி. 'மேற்படி' உங்களுதா?"

ஆபரேட்டர் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் முன்னால் போய் நின்றேன். "எழுதிக் கொடுத்தவன் நான். அதுல இருக்கற மனுதாரரும் நான்தான்."

"மனுவும் நீங்க, பதிலும் நீங்களா?"

"விதியில தடை இல்லையே. கையெழுத்துப் போட்டவர் வேற."

அவர் பள்ளத்தைப் பார்த்தார். வெளியே தெரிந்த வால்வைப் பார்த்தார். உள்ளே நின்ற காரைப் பார்த்தபோதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். சிரிப்பு வந்துவிட்டது போலிருக்கிறது. "தண்ணி வருதான்னு பாக்கலாம்" என்றார்.

ஆபரேட்டர் சாவியை மாட்டித் திருகினார். நான்கு மாதத் துரு, முதலில் அசையவில்லை. பிறகு கீச்சென்று சுற்றியது. எங்கள் குழாய் இரண்டு முறை இருமி, செம்மண் நிறத்தில் துப்பி, கடைசியில் தெளிந்தது. கடைசி வீட்டு நைனா, "இங்கியும் வந்துச்சு!" என்று கத்தினார்.

அதிகாரி தாளின் ஓரத்தில், அலட்சியம் இல்லை, பணியாளர் தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு என்னிடம் திரும்பி, "மனுதாரருக்குத் திருப்தியா?" என்றார். திருப்தி என்று எழுதிக் கொடுத்தேன். அனுமதியில்லாத சரிவுக்காக எனக்கு ஒரு நோட்டீஸ் வரும் என்றும் அவர் சொன்னார். வர வேண்டியதுதான் என்றேன்.

அதிகாரி ஓரத்தில் எழுதியதை ஆபரேட்டர் என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார். "தொடரலாம்" என்ற இடத்தில் நிறுத்தி இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு மேலே நிமிர்ந்து வெயிலைப் பார்த்து, "அய்யய்யோ, மேலத் தெரு வால்வ இன்னும் மூடல சார், தண்ணி ரொம்பி ஓடிக்கினு இருக்கும்" என்று சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடினார்.