நல்லிபேரஸ் என்று எழுதிய கேஸ் ஷீட்

இரணியல் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்தேன். தலைப்பிரசவத்துக்கு வருகிறவளுக்கு மற்ற நர்ஸுகள் 'பிரைமி' என்று கிறுக்கிவிட்டுப் போவார்கள். எனக்கு அது போதாது. 'நல்லிபேரஸ்' என்று முழுசாக எழுதுவேன். இங்கிலீஷ் தெரியும் என்ற திமிர், வேறென்ன?

அந்த டீச்சர் குளச்சல்காரி. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுப்பவள். எட்டாம் மாசத்தில்தான் எங்களிடம் முதல் தடவை வந்தாள். அன்று ஓ.பி.யில் நிற்க இடமில்லை.

"பிள்ளை உண்டா?" என்று கேட்டேன்.

"இல்ல சிஸ்டர்."

எழுதிவிட்டேன். டாக்டரம்மா ஷீட்டைப் பார்த்து, "மொதப் பிரசவம்தானே, பயப்படாத. ரெண்டு வாரம் கழிச்சு வா" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்தவள் ஷீட்டோடு என் மேசை முன்னால் நின்றாள்.

"இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா சிஸ்டர்?"

"பிள்ளை இல்லாதவ."

"இல்ல. லத்தீன்ல நல்லஸ்னா ஒண்ணுமில்ல, பரேரேன்னா பெறுகது. ரெண்டும் சேந்தா, ஒரு தடவகூடப் பெறாதவ." அந்த வார்த்தை மேல் விரலை வைத்தாள். "நான் பெத்தேன்லா. போன வருசம், இதே எட்டாம் மாசம், துடிப்பு நின்னுபோச்சுன்னு சொன்னாவ. வலி வர மருந்து போட்டு பத்து மணிக்கூர் கெடந்து பெத்தேன். பெண்பிள்ள. எனக்க கையில பிள்ள இல்லதான். ஆனா நான் பெறாதவ இல்ல."

அவள் கையைப் பிடித்து, வரிசையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், போன வருசம் நடந்ததை டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"ஏட்டி, ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லிட்டேனே! உனக்க புத்தி எங்க போச்சு?" என்று டாக்டரம்மா என்னைக் கடித்துக் குதறினார். அப்போதே ஸ்கேன் எடுத்து, துடிப்பு இருக்கிறது என்று பார்த்து, அட்மிட் செய்தார்.

ஷீட்டைத் திருத்தினேன். வார்த்தையை அடித்தேன். ஷீட்டில் 'பி' என்ற கட்டம், பெற்ற கணக்கு. அங்கே ஒன்று போட்டேன். பக்கத்தில் 'எல்', உயிரோடு இருப்பது. அவள் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அதுல என்ன போடுவிய?"

"பூஜ்யம்தான் டீச்சர்."

"போடுங்க. அது சரிதான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் ஆபரேஷன் செய்து ஆண்பிள்ளையை எடுத்தார்கள், உயிரோடு. அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அவளுக்கு லத்தீன் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். தெரியாத ஒருத்தி அன்று வந்திருந்தால்? நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, "பிள்ளை உண்டா?" என்று கேட்காதீர்கள். "எத்தனை பெத்தே?" என்று முதலில் கேளுங்கள். சிலர் பதில் சொல்லாமல் அழுவார்கள். வெளியே கூட்டம் கத்தும். கத்தட்டும்.