கனியின் பெயரைச் சொல்லாத நாட்கள்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாம் கணக்கு வகுப்பில் இருந்தபோது வார்டன் டீச்சர் வாசலில் வந்து நின்றார்கள். கையில் ஒரு கார்டு இருந்தது. அதன் மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது. டீச்சர் அதை வாசிக்கவில்லை. எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். செங்கோட்டையில் தங்கக்கனி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காய்ச்சலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டாள் என்று சொன்னார்கள். நாம் எல்லோரும் அழுதோம். நீங்கள் துக்கத்தில் அழுதீர்கள். நான் பாதி பயத்தில் அழுதேன்.

நாளை சாயங்காலம் அவளுக்கு நினைவுக் கூட்டம். அவளுடைய ஜெபக் கூட்டாளி நான் என்பதால், நாலு வார்த்தை எழுதி வாசிக்கும்படி டீச்சர் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தாள் எழுதிக் காட்டியும் ஆயிற்று. 'என் அன்புத் தோழிக்காக நான் அனுதினமும் ஜெபித்து வந்தேன்' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. நல்ல வரி என்றார்கள் டீச்சர். அது பொய். அதனால்தான் நீங்கள் எல்லோரும் படுத்த பிறகு சாமான் அறையில் உட்கார்ந்து, அரிக்கன் விளக்கின் திரியை இறக்கி வைத்துக்கொண்டு, இந்த இரண்டாவது தாளை எழுதுகிறேன். வெளியே யாரோ நடப்பது போலவே இருக்கிறது. இரண்டு தடவை விளக்கை அணைக்கப் போய்விட்டேன்.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் நமக்கெல்லாம் சீட்டு எடுத்தார்களே, அன்று என் கையில் வந்தது கனியின் பெயர். சாயங்கால மணி அடித்ததும் இரண்டிரண்டு பேராகப் போய் உட்கார்ந்து, ஒருத்திக்காக ஒருத்தி பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது கிணற்றடிப் புங்கமரம். முதல் நாள் நான் ஆராதனையில் கேட்ட பெரிய வார்த்தைகளை எல்லாம் கோத்துச் சொன்னேன். கனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இவ்வளவு சொன்னியே, எனக்கு என்ன வேணும்னு சொல்லவே இல்லியே?" என்றாள்.

"கண்ண மூடாம இருந்தியா நீ?"

"மூடுனா தூங்கிருதேன். அதான் தொறந்துகிட்டே சொல்லுதேன்."

பிறகு அவள் சொன்ன ஜெபம் மூன்று வரிதான். எஸ்தருக்குப் பின்னக் கணக்கு வரவேண்டும். அவள் கால் வெடிப்பு ஆறவேண்டும். அவள் அப்பா கடிதம் போடவேண்டும். மூன்றும் என் கவலைகள். நான் அவளிடம் சொன்னதே இல்லை. பார்த்தே தெரிந்துகொண்டிருந்தாள்.

அவள் தண்ணீர் இறைப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். முதல் வாளி ரயில் பாதையில் வேலை செய்யும் அவள் அப்பாவுக்கு, பாம்பு தீண்டாதிருக்க. அடுத்தது அவள் அம்மாவுக்கு. அதற்கடுத்தது நம் சமையல்கார அக்காவுக்கு, கூழில் கட்டி விழாதிருக்க. கயிற்றை இழுக்க இழுக்க உதடு அசையும். ஒருநாள் ஆறாம் வகுப்பு மரகதம் அவளைச் சீண்டினாள்.

"கெணறு வத்திப் போச்சுன்னா ஒன் ஜெபமும் வத்திருமோட்டி?"

"வத்துனா தூர் எடுப்பேன். நீ வந்து மண்ணு சுமக்கணும்" என்றாள் கனி, கயிற்றை விடாமல்.

இப்போது அவள் தண்ணீர் இறைக்கும் முறையும் எனக்கே வந்திருக்கிறது. வாளி மேலே வரும்வரை என்ன சொல்வதென்று தெரியாமல் கப்பி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவள் தோள் என் தோளில் இடிக்காமல் கயிறு இழுப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

என்னைப் பற்றி உங்களுக்கெல்லாம் ஒரு விஷயம் தெரியும். தெரிந்த விதமும் தெரியும். அதற்கு முன்பே கனிக்குத் தெரியும். ராத்திரிப் பயம் வந்தால் எனக்கு எழுந்து வெளியே போகத் தைரியம் வராது, படுக்கை நனைந்துவிடும். விடியுமுன் அவள் என் பாயைக் கழுவிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தன் பாய் என்று சொல்லிவிடுவாள். பிறகு நடுராத்திரியில் தானே எழுந்து, விளக்கை எடுத்துக்கொண்டு, என்னைக் கொல்லைக்குக் கூட்டிப் போகத் தொடங்கினாள். போகிற வழியெல்லாம், "ஆண்டவரே, இவ கூட வாரும், நான் பாதித் தூக்கத்துல இருக்கேன், என்னை நம்பாதேயும்" என்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் இருட்டு கொஞ்சம் விலகி நிற்கும்.

அப்புறம் ஆனி மாதத்தில் குற்றாலம் போனோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. தென்காசியிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தோம். குளித்துவிட்டு மரத்தடியில் சோற்றுப் பொட்டலங்களை வைத்ததும் குரங்குகள் கூடிவிட்டன. எல்லோரும் கண்ணை மூடினால் சோறு போய்விடும் என்று டீச்சர் யோசித்தார்கள். "கனி, கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிக்கிறவள் நீதானே. நீயே பண்ணு" என்றார்கள். கனி கையில் ஒரு குச்சியோடு எழுந்து நின்றாள்.

"ஆண்டவரே, இந்தச் சோத்துக்கு ஸ்தோத்திரம். இந்தக் குரங்குகளுக்கும் நீரே வழி பண்ணும். எங்க எஸ்தர் ராத்திரி பயந்து பாய நனைக்குதா. அவ பயத்த எடுத்துப்போடும். ஆமென்."

சிலர் ஆமென் சொன்னீர்கள். சிலருக்கு அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. "குத்தாலத்து அருவியெல்லாம் பாத்தாச்சுன்னு நெனச்சேன். நம்ம படுக்கைக் கூடத்துலயும் ஒண்ணு விழுதாமே!" என்று ஒருத்தி சொன்னாள். அவள் பெயரை எழுதவில்லை. அவளுக்குத் தெரியும். நான் சோற்றைத் தொடவில்லை.

திரும்பி வரும்போது கனி என் பின்னாலேயே ஓடிவந்தாள். "ஏட்டி, அத்தன பேரும் ஒண்ணா ஆமென் சொன்னா சீக்கிரம் போயிரும்னு நெனச்சேன்ட்டி. அவளுக சிரிப்பாளுகன்னு எனக்குத் தோணலியே" என்றாள். அவளுக்கு உண்மையாகவே தோன்றியிருக்காது. ஆண்டவரிடம் சொல்வதை ஊர் கேட்கும் என்ற நினைப்பே அவளுக்குக் கிடையாது. அது எனக்குத் தெரிந்தும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து புங்கமரத்தடியில் நான் கனியின் பெயரைச் சொல்வதை நிறுத்தினேன். மணி அடித்தால் போய் உட்காருவேன். அவள் வழக்கம்போல என் பெயரைச் சொல்வாள். நான் உதட்டை மட்டும் அசைப்பேன்.

"ஏட்டி, என் பேரச் சொன்னியா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சொன்னேன்."

"சரி" என்று எழுந்துவிட்டாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. நான் அப்படி உட்கார்ந்த மூன்று வாரமும் ராத்திரி என்னை எழுப்பி வெளியே கூட்டிப் போவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. பேசாமல் முன்னால் நடப்பாள். நான் பேசாமல் பின்னால் போவேன்.

அந்த மூன்று வாரம் முடிகையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அவள் அப்பா வந்து, கம்பளியைச் சுற்றி, ஸ்டேஷனுக்கு மாட்டுவண்டியில் ஏற்றினார். வண்டியிலிருந்து என்னைப் பார்த்து, "சொல்லிக்கிட்டே இருட்டி" என்றாள். "ம்" என்றேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை வந்துவிடுவாள், வந்த பிறகு பார்க்கலாம் என்று வீம்பாக இருந்தேன். திங்கட்கிழமை வரவில்லை. இத்தனை நாள் பொய்யாக உட்கார்ந்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு கேட்பது என்று கூசிப்போனேன். இன்றைக்கு, நாளைக்கு என்று மேலும் ஒரு வாரம் தள்ளிக்கொண்டிருந்தபோதே அந்தக் கார்டு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் டீச்சரிடம் போய், இனிமேல் கனிக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டேன். அவர்கள் என் தலையைத் தடவினார்கள். "மரித்தவர்களுக்காக நாம் ஜெபிப்பதில்லை எஸ்தர். அவள் கர்த்தரிடத்தில் சுகமாயிருக்கிறாள்" என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். எனக்கோ ஒரு கதவை வெளியிலிருந்து பூட்டியது போலிருந்தது. நான் சொல்லாமல் விட்டதை இனி எங்கே போய்ச் சொல்வது? நான் சொல்லாததால்தான் அவள் போனாளோ என்ற பயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

நேற்று கனியின் அம்மா அன்னம்மாள் அவளுடைய பெட்டியை எடுத்துப்போக வந்திருந்தார்கள். துணிகளை மடித்துக் கொடுக்க டீச்சர் என்னை அனுப்பினார்கள். இரண்டு பாவாடை மடிப்பதற்குள் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த அம்மா என்னை அடிப்பார்கள் என்றே நினைத்தேன். அவர்கள் பெட்டிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள்.

"இங்கன வா. நீ சொல்லாததாலதான் அவ போயிட்டான்னு நெனைக்கியோ?"

நான் தலையை ஆட்டினேன்.

"அப்படின்னா நான் சொன்னதெல்லாம் எங்க போச்சு? அவ பாய்க்குப் பக்கத்துல முட்டி போட்டபடியே கெடந்தேன். பாதிரி ஐயரு வந்தாவ. சபை சனமே வந்து ஜெபிச்சுது. அவ்வளவு பேரு கேட்டும் போயிட்டா. ஒன் ஒருத்தி வாயிலயா மோளே அவ உசுரு இருந்துச்சு?"

கோபமில்லாமல்தான் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கனியின் தாவணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு, "காய்ச்சல்ல பொலம்பும்போதும் ஒன்னத்தான் சொன்னா. 'எஸ்தர வெளிய கூட்டிட்டுப் போக ராத்திரி ஆளு இல்லியே'ன்னா. நான் சரி சரின்னேன். அப்பம் எனக்கு ஒண்ணும் புரியல" என்றார்கள்.

நான் அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார்கள்: "எனக்கு இப்பம் ஜெபம் வரமாட்டங்கு. முட்டி போடுதேன், வாய் தொறக்க மாட்டங்கு. எனக்காவ நீ சொல்லு."

"என்ன சொல்லணும்மா?"

"எனக்கென்ன தெரியும்? சோறு எறங்க மாட்டங்கு. அதச் சொல்லு."

ஆகையால் டீச்சரிடம் காட்டிய தாளை நாளை நான் வாசிக்கப் போவதில்லை. இதைத்தான் வாசிப்பேன். நீங்கள் சிரித்தாலும் வாசிப்பேன். ஜெபித்தும் கனி ஏன் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அம்மாவுக்கும் தெரியவில்லை. என் பயமும் இன்னும் போகவில்லை. கனியிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒன்றுதான்: ஒருவரை உற்றுப் பார்த்து, அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்வது. பெரிய வார்த்தைகள் இனி எனக்கு வரா.

இன்று சாயங்காலம் மணி அடித்ததும் மரத்தடிக்குத் தனியாகப் போனேன். "ஆண்டவரே, செங்கோட்டையில் அன்னம்மாளுக்கு இன்று ஒரு பிடிச் சோறு இறங்கவேண்டும்" என்றேன். அவர்கள் சாப்பிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. நாளையும் கேட்பேன்.