ஆளில்லாத கட்டம்

கோ-கோ ஆட்டத்தில் வரிசையில் உட்கார்ந்திருப்பவள் தானாக எழுந்து ஓட முடியாது. துரத்துகிறவள் பின்னாலிருந்து முதுகில் கைவைத்து "கோ" என்று சொல்ல வேண்டும். கை படாமல் குரல் மட்டும் கொடுத்தால் தவறு. எங்கள் கிறிஸ்தவச் சபைப் பெண்கள் அணியின் கேப்டன் இதில் கறார்.

"வாயால மட்டும் சொல்லாதட்டி. கைய வையி. அப்பத்தான் எந்திரிப்பேன்."

பனியன் நகரத்து ராயபுரத்தில் ஒரு கம்பெனியின் மேல்மாடியில் எங்கள் சபை கூடியது. பெரும்பாலும் தெற்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். கேப்டனும் நானும் பத்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அவள் வீட்டில் அவள். பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியே தீருவது என்ற வெறி இருவருக்கும் ஒன்றுதான்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. அப்பா ஏற்கெனவே இறந்திருந்தார். அவள் பள்ளியை விட்டுவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொண்டே வீட்டில் பிசிறு வெட்டினாள். தைத்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கும் வேலை. ஞாயிறுதோறும் சபையில் அந்த அம்மாவுக்காக ஜெபித்தோம், கண்ணீரோடுதான் ஜெபித்தோம். செல்போன் வாங்கியிருந்த சிலர், அவள் பக்கத்து வீட்டு அக்காவின் போனுக்கு ஆறுதல் வசனங்களை எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்பினார்கள். அவள் வீடு சபையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது.

சபைகளுக்கிடையேயான போட்டியில் ஒருத்தி குறைவாகவே இறங்கினோம். அவள் உட்காரும் கட்டத்தை வெறுமனே விட்டோம். ஆட்டம் சூடு பிடித்தபோது நான் பழக்க தோஷத்தில் அங்கே ஓடி, குனிந்து, கையை நீட்டி "கோ!" என்றேன். கை காற்றில் போனது. விசில் ஊதினார்கள்.

ஓரத்தில் நின்ற உள்ளூர்க்காரர் ஒருவர், "ஏங்கண்ணு, அங்க பேயா உக்காந்திருக்குது?" என்றார்.

கூட்டம் சிரித்தது. எங்கள் அணியில் யாரும் சிரிக்கவில்லை. அந்த மண்ணில் எனக்கு அவள் முதுகு தெரிந்தது, பின்னல் விலகி, கைக்காகக் காத்திருப்பதுபோல.

தோற்றோம். உடம்பெல்லாம் புழுதியோடு நேராக அவள் வீட்டுக்கு நடந்தோம்.

கதவைத் திறந்தவள், "என்னட்டி, கூட்டமா வாரிய? யாரு செத்தா?" என்றாள்.

"தோத்துட்டோம்."

"தோக்கத்தான செய்விய. நான் இல்லல்லா?" பிறகு ஒதுங்கி வழிவிட்டாள். "உள்ள வாங்க. கத்தரி நாலு கெடக்கு."

பனியன் மூட்டையைச் சுற்றி உட்கார்ந்தோம். கட்டிலில் கிடந்த அவள் அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சபையில் எங்களோடு ஒரே பாயில் வருடக்கணக்காக உட்கார்ந்து பாடியவர். குழறிய குரலில் மகளிடம் கேட்டார்.

"இந்தப் பிள்ளையெல்லாம் எந்தச் சபை?"

"நம்ம சபைதாம்மா."

"நம்ம சபையில இருந்து யாரும் வரலியே."

மறுநாள் முதல் முறை போட்டுக்கொண்டு போனோம். ஒருத்தி அம்மாவின் அருகில் இருப்பாள், மற்றவர்கள் பிசிறு வெட்டுவார்கள், நான் அவளுக்கு விட்டுப்போன பாடங்களைச் சொல்லிக்கொடுப்பேன். எங்கள் அம்மாக்கள் ஷிப்ட் முடிந்து கஞ்சி கொண்டுவந்தார்கள். பள்ளியில் அவள் பெயரை நீக்கியிருக்கவில்லை. எல்லாத் தேர்வுகளையும் எழுதினாள். கணக்கில் என்னைவிட அதிகம் வாங்கினாள். அதில் எனக்கு இன்றுவரை கொஞ்சம் எரிச்சலும் நிறையப் பெருமையும் உண்டு.

அவள் அம்மா மட்டும் தினமும் எங்களை எந்தச் சபை என்றே கேட்டார். நோயால் வந்த மறதி என்றார் டாக்டர். அப்படியே இருக்கலாம். ஆனால் வீட்டு ஓனரை, பால்காரரை, வெளியூரிலிருந்து வந்த சித்தியை எல்லாம் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்தக் கோடையில் அவள் அம்மா, இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, என் அம்மா ஊட்டிய கஞ்சியை விழுங்கிவிட்டு மகளைப் பார்த்தார்.

"வேத்துச் சபையா இருந்தாலும் நல்ல மனசுக்காரங்கம்மா."

அவள் திருத்தவில்லை. நாங்களும் திருத்தவில்லை.