நொடிக்கொரு நலம் விசாரிப்பு

தையல்காரரின் இரண்டாவது மகளைச் சொந்தத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொரட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கேள்வியை மாட்டினால் காய் விழுகிறவரை விடமாட்டாள். பன்னிரண்டு வயதில், சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று அப்பாவிடம் சத்தம் போட்ட ஒருவரிடம் அளவு நோட்டை நீட்டி, நோட்டு அப்படியேதான் இருக்கிறது, உங்கள் வயிறுதான் மாறியிருக்கிறது என்று சொன்னவள்.

அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆயிற்று. அங்கேயே கேபிள் இழுக்கிற வேலை பார்த்தவர் அவளுடைய பெரியப்பாவின் மூத்த மருமகன். அவளுக்கு அத்தான் முறை. பேச்சு குறைந்த மனுஷன். ஏணி கீறிவிடக் கூடாது என்று தரையில் பழைய துணியை விரித்த பிறகுதான் ஏணியை நிறுத்துவார்.

ஒரு நாள் பிரிவின் தலைவர் தொரட்டியைக் கூப்பிட்டு, இரண்டு கம்பெனிக்காரர்கள் இரண்டு சாஃப்ட்வேரை ஒரு மாதம் பரீட்சைக்குக் கொடுத்திருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்த்து எதை வாங்கலாம் என்று எழுதிக் கொடு என்றார்.

ஒன்று நெட்வொர்க்கைக் கண்காணிப்பது. மாடிக்கு மாடி கேபிள்களெல்லாம் வந்து சேருகிற பெட்டிகள் உண்டு. அவற்றிடம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ‘நல்லாயிருக்கியா’ என்று கேட்கும். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. இன்னொன்று லாக் படிப்பது. ஒவ்வொரு மெஷினும் தனக்கு நடந்ததையெல்லாம் நேரம் போட்டு வரிவரியாக எழுதி வைக்கிறது. அதற்குத்தான் லாக் என்று பெயர். லட்சக்கணக்கான வரிகள், மனுஷன் படித்தால் கண் அவிந்துவிடும். அதில் வேண்டியதைத் தேடிக் கொடுப்பது இதன் வேலை. முதலாவது திரையில் ஜோராக மின்னும். இரண்டாவது பார்க்க வறட்டுத் தவிடு. தலைவருக்கு எது பிடித்தது என்று சொல்லவும் வேண்டுமா?

இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, ரத்தப் பரிசோதனை முடிவுகள் வார்டுக்கு வருவது நின்றுபோயிற்று. நாற்பது நிமிஷம் நர்ஸுகள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கினார்கள். திரையில் மூன்றாம் மாடிப் பெட்டி சிவப்பு. அந்த நேரம் பார்த்து அந்தப் பெட்டி இருக்கிற அறையில் ஏணிமேல் நின்றவர் அத்தான். தலைவர் யோசிக்கக்கூட இல்லை. சிவப்புத் திரையைப் படம் எடுத்து அத்தானுக்குக் கொடுத்த மெமோவோடு சேர்த்தார். கவனக்குறைவாகக் கேபிளை உருவிவிட்டாராம், விசாரணை முடிகிறவரை வேலைக்கு வரக் கூடாதாம். ஒரு வார்த்தை அவரைக் கேட்டார்களா? இல்லை.

இதைக் கேட்டதும் அத்தானின் மச்சான், பெரியப்பாவின் மூத்த மகன், தங்கை வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டு, “மெஷினே காட்டிக் குடுத்துடுச்சாமே, அப்புறம் என்ன பேச்சு?” என்றார். மனைவி மக்கள் முன்னால் அத்தான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தொரட்டி போய்க் கேட்டபோது, “நான் அந்தப் பெட்டியத் தொடவே இல்லம்மா. மேல தொங்கின கேபிளத்தான் கட்டிக்கிட்டிருந்தேன்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவள் லாக் படிக்கிற சாஃப்ட்வேரைத் திறந்து அந்தப் பெட்டி என்ன எழுதி வைத்திருக்கிறது என்று தேடினாள். பத்து மணி ஏழு நிமிஷத்திலிருந்து நொடிக்கு ஒரு தரம் ‘நல்லாயிருக்கியா’ என்று யாரோ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அது பதினாலு வருஷத்துப் பழைய பெட்டி. பதில் சொல்லிச் சொல்லியே மூச்சு முட்டி நின்றுவிட்டது. கேட்டது யார்? கண்காணிக்க வந்த அதே சாஃப்ட்வேர். ஐந்து நிமிஷத்தை ஒரு நொடியாக மாற்றியது யார்? தலைவரின் பாஸ்வேர்டு, தலைவரின் அறைக் கம்ப்யூட்டர் என்று அந்த சாஃப்ட்வேரின் சொந்த லாக்கே சொன்னது. அறை வாசலில் இருக்கிற பியூனைக் கேட்டாள்: அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருந்தவன் அதை விற்க வந்த கம்பெனிக்காரன். ஆஸ்பத்திரி நிர்வாகி வந்து பார்க்கும்போது திரை துறுதுறுவென்று அசையட்டும் என்று அவன் கேட்க, இவர் பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். நாடி பார்க்கிறேன் என்று கழுத்தைப் பிடித்து அமுக்கிவிட்டு, ஆள் சாய்ந்துவிட்டான் என்று தண்டோரா போட்ட கதை. பழி மட்டும் ஏணிமேல் நின்றவன் தலையில். இது எந்த ஊர் நியாயம்?

தொரட்டி அதை ஒரு பக்கமாக ரிப்போர்ட்டில் சேர்த்தாள். தலைவர் அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார். எது எவ்வளவு வேகம், எது சுலபம் என்று எழுதினால் போதும், போலீஸ் வேலை வேண்டாம் என்றார். அவள் அசையவில்லை.

“உங்க அத்தானுக்காக எழுதுறீங்க, அப்படித்தானே?”

“நான் எழுதல சார். எழுதினது அந்தப் பெட்டி. அதுக்கு அத்தான் கிடையாது.”

இரண்டு நாள் கழித்துத் தலைவர் ஒரு காகிதம் தயாரித்தார். கேபிள்காரரின் நீண்ட காலச் சேவையைக் கருதி அவரை மன்னித்து, எச்சரித்து, திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தது. சோறு முக்கியம், வீம்பு எதற்கு என்று அத்தான் பேனாவைத் திறந்துவிட்டார். தொரட்டி காகிதத்தை இழுத்துப் படித்தாள். மன்னிக்கத் தலைவர் யார்?

“செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கினா, செஞ்சதா ஆயிடும் அத்தான்” என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஒப்பிட்டுப் பார்த்தவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடாமல் ஆஸ்பத்திரி எதையும் வாங்க முடியாது. அவள் ரிப்போர்ட்டை முடித்து வைத்தாள். எது விழுந்தது என்று ஒன்று சொல்லும், ஏன் விழுந்தது என்று இன்னொன்று சொல்லும். முடிந்தால் இரண்டும் வேண்டும், ஒன்றுதான் என்றால் லாக் படிப்பதை வாங்குங்கள் என்று எழுதினாள். எழுதினாளே தவிர, அத்தானின் காகிதம் மாறாமல் கையெழுத்துக் கிடையாது என்று சொல்லிவிட்டாள். பழைய காகிதங்கள் அடுக்குகிற அறைக்கு மாற்றிவிடுவேன் என்று தலைவர் மிரட்டினார். தாராளமாக மாற்றுங்கள், கையெழுத்து என்னோடுதான் வரும் என்றாள். உறவில்கூட, பொம்பளைக்கு இவ்வளவு ஆகாது என்று இரண்டு சித்திமார் பேசினார்கள். பேசட்டும்.

நாலாம் நாள், ஃபைல் ஏன் நகரவில்லை என்று நிர்வாகி கேட்டார். அன்று மத்தியானமே புதுக் காகிதம் வந்தது: ‘அன்றைய கோளாறுக்கு இவர் காரணம் அல்ல.’ காரணம் யார் என்று அதில் ஒரு எழுத்து இல்லை. வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. தொரட்டி பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த ஒரு பக்கத்தையும் எடுக்காமல், எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அத்தான் அந்தக் காகிதத்தோடு வீட்டுக்குப் போகவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு நேரே மச்சான் வீட்டுக்குப் போனார். மச்சான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்து முடிக்கிறவரை அத்தான் வாசலிலேயே நின்றார்.

“எனக்கு அப்பவே தெரியும்” என்றார் மச்சான்.

“தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மச்சான்.”

மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டார். அத்தான் உட்காரவில்லை. காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.