பன்னிரண்டு டம்ளர் பாலில்லாத டீ

எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் பன்னிரண்டு பேருக்கு நான் துவர்ப்பைப் புகட்டினேன். அவர்கள் எனக்கு ஒரு தீங்கும் செய்தவர்கள் இல்லை. ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நான் அப்போது கீழே சமவெளியில் ஒரு கல்லூரியில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். கடுக்காய், நெல்லிக்காய், மாதுளைத்தோல், தேயிலை எல்லாவற்றுக்கும் துவர்ப்பைத் தருகிற டானினுக்கும் மாரடைப்புக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்பது என் ஆராய்ச்சி. பால் ஊற்றாத டீயை ஆறு வாரம் தினம் மூன்று வேளை குடித்தால் ரத்தத்தில் கொழுப்பு குறைகிறதா என்று பார்க்க வேண்டும். பழனியில் தேங்காய் பழக்கடை வைத்திருந்த அப்பா, பங்குனி உத்திரம் வரைக்கும் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் ஆய்வேட்டை முடிக்காவிட்டால் திண்டுக்கல்லில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது, பார்த்ததே இல்லை. டானின் அவரைவிடச் சுவாரசியமாகத் தெரிந்தது, என்ன செய்ய?

முதல் நாள் சாப்பாட்டு அறையில் நான் இதை விளக்கியதுமே பள்ளி வேன் டிரைவர் எழுந்து நின்றார்.

"ஏம்மா, இந்த மலையெல்லாம் நிக்கிற வாட்டில் மரத்துப் பட்டையில இருக்கிறதும் இதே டானின்தானங்க? அதை வச்சுத்தான தோலைப் பதம் பண்றாங்க. எங்க வயித்தைச் செருப்பாக்கிருவீங்க போலயே?"

எல்லோரும் சிரித்தார்கள். "உங்கள் வயிற்றுக்குப் பெரிய தோல் வேண்டும், கட்டுப்படியாகாது" என்றேன். அந்தப் பதிலுக்காகவே அவர் சேர்ந்துகொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சேர்ந்தார்கள்.

சேராதவர் ஒருவர்தான். டீ போட வேண்டிய சமையல்கார அக்கா.

"பாலில்லாம டீயா? இங்க யாரு செத்துப்போனா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில்தான் பாலில்லாத கடுங்காப்பி கொடுப்பார்கள். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு அதை நீட்டுவது, நீயும் சீக்கிரம் போய்ச் சேர் என்று சொல்வதற்குச் சமம். நான் விடவில்லை. விஞ்ஞானம் பேசினேன், பிறகு கெஞ்சினேன், கடைசியில், "பைபிளில் பால் ஊற்றித்தான் டீ குடிக்க வேண்டும் என்று எந்த அதிகாரத்தில் வருகிறது?" என்று கிண்டலும் செய்தேன். அக்கா டீத்தூளை வாங்கிக்கொண்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி மேலே போவேன். பன்னிரண்டு டம்ளரிலும் டீ தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். எல்லோரும் முகத்தைச் சுளித்துக் குடித்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். அந்தச் சுளிப்பைப் பார்க்க எனக்கு அத்தனை ஆனந்தம்.

ஐந்தாவது வாரம் ஒரு வியாழக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினேன். எனக்காக அவர்களிடம் ரத்தம் எடுக்கிற நர்ஸ் அந்தச் சனிக்கிழமை ஊரில் இருக்க மாட்டார் என்று தகவல் வந்திருந்தது. சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது டிரைவர் டம்ளரும் கையுமாகத் திருதிருவென்று விழித்தார். அவர் மீசையில் பாலாடை ஒட்டியிருந்தது.

"குடிச்சேன்னுதானம்மா கையெழுத்துப் போட்டோம். பால் இருந்துச்சான்னு நீங்க கேக்கலையே" என்றார்.

முதல் வாரம் அக்கா ஆளுக்கொரு சொட்டுப் பால் விட்டாராம். சொட்டு ஸ்பூனாகி, ஸ்பூன் கரண்டியாகியிருந்தது. சனிக்கிழமை மட்டும் விரதம். பாலில் இருக்கும் புரதம் டானினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பால் டீ நாக்கைப் பிடித்து இழுக்காததற்குக் காரணமே அதுதான். உடம்புக்குள் எவ்வளவு டானின் போயிற்று என்று இனி யாராலும் சொல்ல முடியாது. என் ஐந்து வாரமும் பாலோடு போயிற்று. பங்குனி உத்திரத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நேரே அடுப்படிக்குப் போய்க் கத்தினேன். படிக்காதவர்களோடு மாரடிக்க வேண்டியிருக்கிறது என்றுகூடச் சொன்னேன். இன்றைக்கும் அந்த வார்த்தைக்காக வெட்கப்படுகிறேன்.

அக்கா அடுப்பிலிருந்து பால் சட்டியை இறக்கி வைத்தார்.

"என் வீட்டுக்காரரு நெஞ்சு வலிக்குதுன்னுதான் பாப்பா போனாரு. ரெண்டு வருசமாச்சு. மூணு நாளு பக்கத்து வீட்டுல இருந்து கடுங்காப்பியாக் கொண்டாந்து குடுத்தாங்க. அந்த வாசம் இன்னும் தொண்டைக்குள்ள கெடக்கு. நீ நெஞ்சுக்கு நல்லதுன்னு சொல்லி, அதையே என் கையால பன்னெண்டு பேருக்கு ஊத்தச் சொல்ற. இதுல ஒருத்தருக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?"

கொழுப்பு, டானின், மாரடைப்பு என்று மாதக்கணக்கில் எழுதிக் குவித்தவளுக்கு, மாரடைப்பில் புருஷனைப் பறிகொடுத்த ஒருவர் என் எதிரேயே நின்று டீ ஆற்றியது தெரியவில்லை. துக்கமும் வெட்கமும் சேர்ந்து வந்தன. அப்படியே சாக்குமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். பால் ஊற்றியது யார் என்று கேட்டார். கவனிக்காதது நான் என்றேன். முதலிலிருந்து தொடங்கு என்றார். அப்பாவுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். பதில் ஒரு கார்டில் வந்தது: "மாப்பிள்ளை வீட்டில் ஆவணி என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் எனக்குப் பொய் வராது."

மிச்சம் இருந்தது அக்காவின் சம்மதம்தான். அவரை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "வேற எவளும் என் அடுப்படிக்குள்ள வரக் கூடாது. திங்கக்கிழமை வெள்ளனே வந்துரு" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை மேஜையில் பதின்மூன்று டம்ளர் இருந்தது.

"ஒன்று கூடுதலாக இருக்கிறதே அக்கா?"

"அது எனக்கு. நான் குடிச்சு அரைமணி நேரம் நல்லா இருந்தாத்தான் மத்தவுங்களுக்கு ஊத்துவேன்."

சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஒரே மூச்சில் குடித்தார். முகம் கோணியது. பிறகு ஸ்டூலைக் கடிகாரத்துக்கு எதிரே இழுத்துப் போட்டு, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டிரைவர் உட்படப் பன்னிரண்டு பேரும் டம்ளரைத் தொடாமல் காத்திருந்தார்கள்.

இந்த முறை நான் மேலேயே தங்கிவிட்டேன். ஆறு வாரமும் ஒவ்வொரு காலையும் அப்படித்தான் நடந்தது. ஒரு நாள்கூட நான் அவரைக் கிண்டல் செய்யவில்லை.